ஒரு படி கூட்டி எழுதிய மனு

சென்ற ஆண்டு லெந்து என்னும் தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு, ஆராதனையில் சாட்சி நேரத்தில் எழுந்து நின்று என் மகனைப் பற்றிப் பேசினேன். நீங்கள் கை தட்டினீர்கள். சிலர் அழுதீர்கள். அன்று நான் சொன்னதை இன்று திரும்பப் பெறுகிறேன். அது பொய்ச் சாட்சி.

இதை எழுத வேண்டாம், சபைக்குத் தலைகுனிவு என்று சொன்னார்கள். எனக்கு எழுபத்து மூன்று வயதாகிறது. தலை குனிய வேண்டியவன் நான், சபை அல்ல. நம் சபைப் பத்திரிகையில் இதைப் போட முடியாது என்றால் நகல் எடுத்து, ஆலய வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பேன். கர்த்தர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்லாமல் இருக்க முடியாது. நான் செய்த தீமையைச் சொல்லாமல் அந்த நன்மையைச் சொல்லவும் முடியாது.

ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தேன். தர ஆய்வுப் பிரிவு. டிப்ளமோவோடு சேர்ந்து, தபால் வழியில் எம்.ஏ. வரை படித்தேன். குவார்ட்டர்ஸில் இருந்த காலத்திலும், பிறகு சேக்காட்டில் சொந்த வீடு கட்டி வந்த பிறகும், மனு எழுத வேண்டுமென்றால் எல்லாரும் என்னைத்தான் தேடி வருவார்கள். இடமாறுதல், தெருவிளக்கு, கழிவுநீர், விதவை ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் எழுதினேன். என் மனுக்கள் வீண் போனதில்லை. அதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். உள்ளதை ஒரு படி கூட்டி எழுதுவேன். குழாய்த் தண்ணீர் கலங்கலாக வந்தால் புழு நெளிகிறது என்று எழுதுவேன். தெருவில் நாய் குரைத்தால் குழந்தையைக் கடித்தது என்று எழுதுவேன். ஒரு படி கூட்டினால்தான் அதிகாரி இரண்டாவது பத்தியைப் படிப்பார் என்று மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தேன். அதைப் பாவம் என்று நினைக்கவில்லை. ஊருக்கு நன்மைதானே என்று நினைத்தேன்.

எனக்கு ஒரே மகன், எபிநேசர். வீட்டில் எபி. அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு வளைக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் ஃபிட்டர். ஐந்து வருடங்களுக்கு முன் இரும்புச் சட்டம் ஒன்று சரிந்து அவனுடைய வலது தோளில் விழுந்தது. அறுவை சிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். எலும்பு கூடியது, வலி போகவில்லை. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாத ஃபிட்டரை யார் வைத்துக்கொள்வார்கள்? வேலை போனது. பேசி வைத்திருந்த சம்பந்தமும் நின்றது. டாக்டர் சீட்டு முடிந்த பிறகும் மாத்திரை முடியவில்லை. எங்கிருந்தோ வாங்கினான். பிறகு அதையே ஊசியில் ஏற்றிக்கொள்ளப் பழகினான். தூக்கம் வர கஞ்சா.

முதலில் என் மனைவி புஷ்பத்தின் தையல் மிஷின் காணாமல் போனது. பிறகு நான் ஓய்வு பெற்ற அன்று பிரிவில் கொடுத்த சுவர்க்கடிகாரம். ஒருநாள் காலை பதினொரு மணிக்குக் குளியலறைக் கதவை உடைத்து அவனை வெளியே எடுத்தோம். உதடு நீலமாக இருந்தது. அரசு மருத்துவமனையில் உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். அங்கிருந்த டாக்டர் அம்மா தனியாகக் கூப்பிட்டு, போதை மீட்புப் பிரிவு இங்கேயே இருக்கிறது, அப்படியே சேர்த்துவிட்டுப் போங்கள் என்றார். நான் மாட்டேன் என்றேன். அந்த வார்டில் நம் சபைச் சகோதரி ஒருவர் நர்ஸ் வேலை பார்க்கிறார். அவர் கண்ணில் பட்டால் ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்ற ஒரே காரணம். மகன் செத்துப் பிழைத்த அன்று நான் யோசித்தது என் பெயரைப் பற்றி. அன்றே கதவு திறந்திருந்தது. மூடியவன் நான்.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் பழையபடி தொடங்கினான். நான் உபவாசம் இருந்தேன். மூன்று வெள்ளிக்கிழமை ஆகாரம் இல்லாமல் முழங்காலில் நின்று ஒரே வார்த்தையை ஜெபித்தேன். கர்த்தாவே, இவனை அடைத்துப் போடும். குணமாக்கும் என்று கேட்கவில்லை. அடைத்துப் போடும் என்று கேட்டேன். மூன்றாம் வெள்ளி மாலை எழுந்து மேசையில் உட்கார்ந்து காவல் நிலையத்துக்கு ஒரு மனு எழுதினேன்.

மகன் போதைக்கு அடிமை என்று எழுதினால் யார் வருவார்கள்? ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆகவே என் வழக்கப்படி ஒரு படி கூட்டினேன். இவன் விற்கிறான் என்று எழுதினேன். அது போதாது என்று தோன்றியது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விற்கிறான் என்று எழுதினேன். ஒருமுறைகூட நான் அதைப் பார்த்ததில்லை. அப்படி யாரும் சொல்லிக் கேட்டதும் இல்லை. நல்ல எழுத்தில், பத்தி பிரித்து, எண் போட்டு எழுதினேன். கீழே கையெழுத்திட்டு, ஓய்வு பெற்ற மத்திய அரசு ஊழியர் என்றும் போட்டேன்.

பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு எங்கள் தெரு முனையில் அவனைப் பிடித்தார்கள். சிறு பொட்டலம் கஞ்சா, மாத்திரை அட்டை ஒன்று, ஒரு ஊசி. வீட்டைச் சோதிக்க வந்த ஏட்டு அலுத்துப்போய் என்னை வாசலுக்குத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னா பெரியவரே, உன் மனுவ படிச்சிட்டு மூட்டை மூட்டையா கெடக்கும்னு ஜீப் எடுத்துகினு வந்தோம். ஒரு பொட்லந்தான் கீது."

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அவ்வளவு சிறிய அளவுக்கு ஜாமீன் கிடைக்கும், வந்து கையெழுத்துப் போடுங்கள் என்று தகவல் வந்தது. போகவில்லை. புஷ்பம் போவதற்குப் புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். வாசல் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவன் உள்ளே கிடந்தது சட்டத்தால் அல்ல. தகப்பன் ஜாமீன் கொடுக்காததால்.

அதன் பிறகுதான் உங்கள் முன் நின்று சாட்சி சொன்னேன். ஜெபத்தைக் கேட்கிற தேவன் என் மகனை அடைத்துப் போட்டார் என்றேன். பிள்ளையைப் பலிபீடத்தில் கிடத்திய முற்பிதாவைப் போல நானும் என் ஒரே மகனைக் கட்டி ஒப்புக்கொடுத்தேன் என்றேன். மூப்பர் செல்வின் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். அன்று வீட்டுக்கு வரும்போது புஷ்பம் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். சோற்றைப் போட்டுவிட்டு, எதிரில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டாள்.

"ஏங்க, அவருக்குக் கடைசியில பிள்ளைக்குப் பதிலா கர்த்தர் புதருக்குள்ள ஒரு ஆட்டைக் காட்டினாருல்லா. நமக்கு ஆடு எங்க?"

நாற்பது வருடம் வேதம் வாசித்தவன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். சோறு ஆறியது.

ஏழாவது வாரம் புஷ்பத்தின் பிடிவாதத்தால் அவனைப் பார்க்கப் போனேன். சிறையில் கைதியைப் பார்ப்பதற்கும் ஒரு மனு போட வேண்டும்; ஒருவரைத்தான் உள்ளே விட்டார்கள், புஷ்பம் வெளியே காத்திருந்தாள். இரண்டு கம்பி வலை, நடுவில் ஓர் ஆள் நடக்கும் அளவுக்கு இடைவெளி. இந்தப் பக்கம் முப்பது பேர், அந்தப் பக்கம் முப்பது பேர், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். எபியை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. பாதியாக இருந்தான். முதல் பத்து நாள் மாத்திரை இல்லாமல் வாந்தியும் பேதியுமாகத் தரையில் கிடந்ததாகப் பிறகு சொன்னான். அவன் கத்தவில்லை. வலையில் முகத்தை வைத்துச் சாதாரணமாகப் பேசினான். அவனுக்குக் கொடுத்த வழக்கு நகல்களில் என் மனு இருந்தது. அதில் என் கையெழுத்து இருந்தது.

"சின்னப் பசங்களுக்கு வித்தேனாப்பா நானு? நீ பாத்தியா? அத்த மட்டும் சொல்லு."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"திட்டிக்கோ. அடிச்சிக்கோ. ஊட்ட உட்டுத் தொரத்து, கேக்க மாட்டேன். இத்த ஏன்பா எழுதின?" பிறகு குரலைத் தாழ்த்தினான்; வலையில் காதை ஒட்டிக் கேட்டேன். உள்ளே போதை விற்கும் பெரிய கைகள் இருக்கிறார்கள், வெளியே போனதும் வந்து பார் என்று மூன்று பேர் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்றான். "வேலை வெட்டி இல்லாதவன்னு தெரிஞ்சிகினானுங்க. நீ எழுதின மாரியே ஆக்கிடுவானுங்கப்பா."

நேரம் முடிந்தது என்றார்கள்.

என் வாழ்நாளில் எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். இந்த ஒரு வாக்கியம் போல எதுவும் என்னை வெட்டவில்லை. பேருந்தில் புஷ்பத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். மனு என்னுடையது என்பதே அவளுக்கு அதுவரை தெரியாது. அம்பத்தூர் ஓ.டி. வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள்: "எழுதின கைதானே. அதை அழிக்கிறதுக்கும் அந்தக் கைதான் போகணும்."

அன்று நான் செய்த ஜெபம் உங்களுக்கு விநோதமாகத் தோன்றலாம். கர்த்தாவே, நான் உம்மிடம் கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று கேட்டேன். அடைத்துப் போடும் என்றேனே, அந்த ஜெபத்தை ரத்து செய்யும். நான் பொய்யன் என்று ஒருவர் நம்பும்படி செய்யும். எழுபது வயதுக்கு மேல் ஒருவன், தன்னைப் பொய்யன் என்று நம்பவைக்கத் தேவனிடம் மன்றாடினான்.

மறுநாள் பூந்தமல்லிக்குப் போய் இலவச சட்ட உதவியில் மகனுக்கு நியமித்திருந்த வக்கீலைப் பார்த்தேன். நூர்ஜஹான் என்று பெயர். முப்பத்தைந்து வயதிருக்கும். கோப்பிலிருந்து என் மனுவை எடுத்து மேசையில் வைத்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். உங்க பையனுக்கு எதிரா இருக்கிற ஒரே பெரிய சாட்சி இதுதான்."

பிறகு அவர் சொன்னதை நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. போதைப்பொருள் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. சிறிய அளவு வைத்திருந்து குற்றவாளி என்று தீர்மானிக்கப்பட்டவன் போதைக்கு அடிமையானவன் என்றால், தண்டனை சொல்வதற்குப் பதிலாக, அவன் சம்மதத்தோடு, பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு, அரசு அங்கீகரித்த மருத்துவமனைக்கு நீதிமன்றம் சிகிச்சைக்கு அனுப்பலாம். ஒரு வருடத்துக்குள் சிகிச்சையின் பலன் பற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை வர வேண்டும். பத்திரத்தை மீறினால் கூப்பிட்டுத் தண்டனை சொல்வார்கள். இது சலுகையோ சிபாரிசோ அல்ல, சட்டம். பல வருடங்களாகப் புத்தகத்தில் இருக்கிறது. கேட்பவர்கள்தான் குறைவு என்றார் நூர்ஜஹான். கேட்டாலும், விற்கிறவன் என்று தகப்பனே எழுதிக் கொடுத்திருக்கும்போது எந்த மாஜிஸ்திரேட் யோசிக்காமல் அனுப்புவார் என்றும் சொன்னார்.

புதருக்குள் ஆடு சிக்கிக்கொண்டிருந்தது, சகோதரரே. எனக்குத்தான் தலையை நிமிர்த்திப் பார்க்க மனமில்லை.

நீதிமன்றத்தில் மனுவை மறுத்து உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று தெரிந்ததும் மூப்பர் செல்வின் வீட்டுக்கு வந்தார். அவரும் எங்கள் தென்பக்கத்துக்காரர், தொழிற்சாலையில் எனக்கு ஜூனியர். கெட்டவர் அல்ல. அவர் பயந்தார், அவ்வளவுதான்.

"அண்ணாச்சி, சபை நடுவுல சாட்சி சொல்லியாச்சு. இப்பப் போயி அது பொய்யின்னா, நாளைக்கு எவன் சாட்சி சொன்னாலும் சிரிப்பான். பையன் உள்ள கிடந்து கஷ்டப்பட்டாத்தான் உடைஞ்சு கர்த்தர்கிட்ட வருவான். ஆஸ்பத்திரிங்கிறது உலகத்து வழி."

அவருக்கு இதய ஆபரேஷன் நடந்தபோது சபை மூன்று நாள் சங்கிலி ஜெபம் செய்தது. கூடவே டாக்டர் நெஞ்சைத் திறந்துதான் அறுத்தார். நான் அதைச் சொன்னேன்.

"அது வியாதி அண்ணாச்சி. இது பாவம்."

"அவன் செஞ்சதில பாவம் எவ்வளவு, வியாதி எவ்வளவுன்னு எனக்குப் பிரிக்கத் தெரியல செல்வின். நான் செஞ்சதில வியாதி ஒண்ணும் கிடையாது. அது மட்டும் தெரியும்."

அவர் காப்பியைக் குடிக்காமல் போனார். ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்றிருந்தேன். மகன் சிறைக்குப் போனதற்குக் கை தட்டிய சபையின் முன்வரிசையில் தொடர்ந்து போய் உட்கார்ந்தேன். சிலர் எழுந்து வேறு இடம் மாறினார்கள். நான் மாறவில்லை.

ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட இப்போது நான் தயார் என்று சொல்லி அனுப்பியபோது, வெளியே வந்தால் மறுபடி ஊசிதான் என்று எபியே மறுத்துவிட்டான். ஜூன் மாதத்தில் வழக்கு நாள் வந்தது. எபி தன்னிடம் பொருள் இருந்ததையும், தான் உபயோகிப்பதற்காக வைத்திருந்ததையும் ஒப்புக்கொண்டான். தண்டனை பற்றிப் பேசும்போது அரசு வக்கீல் என் மனுவை வாசித்தார். என் வாக்கியங்கள் அந்த அறையில் கணீரென்று கேட்டன. முற்றுப்புள்ளி வைத்த இடம்கூடத் தெரிந்தது. நூர்ஜஹான் என் பிரமாணப் பத்திரத்தைக் கொடுத்து, மனு எழுதியவர் இங்கேயே இருக்கிறார் என்றார். மாஜிஸ்திரேட் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"பெரியவரே, இவர் விக்கிறதை நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"இல்லைம்மா."

"யாராவது சொன்னாங்களா?"

"இல்லைம்மா."

"அப்புறம் எப்படி எழுதினீங்க?"

"அப்படி எழுதினாத்தான் நடவடிக்கை எடுப்பாங்கன்னு எழுதினேன்."

அவர் காகிதத்தை மேசையில் வைத்தார். பொய்த் தகவல் கொடுப்பது தனிக் குற்றம், தெரியுமா என்றார். தெரியும், அதற்கு என்ன தண்டனையோ அதை எனக்குக் கொடுங்கள், மகனுக்கு மட்டும் வைத்தியம் கொடுங்கள் என்றேன். குரல் நடுங்கவில்லை. அது என் பலம் அல்ல. மாஜிஸ்திரேட் அம்மா உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. அவனுடைய உடல்நிலை, மனநிலை, நடத்தை பற்றி அறிக்கை வரவழைக்க உத்தரவிட்டார். இரண்டு வாரம் கழித்து மறுபடி கூடினோம். டாக்டர்களின் அறிக்கை வந்திருந்தது. மாஜிஸ்திரேட் என்னை மறுபடி நிறுத்தி, இனிமேல் பேனாவை எடுக்கும் முன் யோசிக்கும்படி எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். நியாயமாகவே வாங்கிக்கொண்டேன். பிறகு எபியிடம், சிகிச்சைக்குப் போகச் சம்மதமா என்று கேட்டார்.

அவன் உடனே சம்மதிக்கவில்லை. நாங்கள் இதை எதிர்பார்க்கவில்லை. ஆமென்று தலையாட்டுவான் என்று நினைத்திருந்தோம்.

"ஜெயில்னா இத்தினி நாளுன்னு ஒரு கணக்கு கீது மேடம். முட்சிட்டு வந்துடலாம். அங்க போனா முடிவே இல்லியே. டெய்லி நானே நிக்கணும்." தோளைத் தடவினான். "இந்த வலி போவாது. அதுங்கூடவே நிக்கணும்."

"கஷ்டம்தான். சம்மதம் உங்களுடையது. நான் கட்டாயப்படுத்த முடியாது."

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். கைதாகி நாலு மாதத்துக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தான்.

"அவரும் வரட்டும். வாராவாரம் வந்து உக்காரட்டும். அப்ப போறேன்."

சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. ஆனாலும் மாஜிஸ்திரேட் அம்மா என்னைப் பார்த்தார். வருகிறேன் என்றேன். பிணைப்பத்திரத்தில் ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போட்டேன். முன்பு போட மறுத்த அதே கையெழுத்து.

நான் மூடிய அந்தக் கதவு வழியாகவே உள்ளே போனோம். அதே அரசு மருத்துவமனை, அதே பிரிவு. நம் சபைச் சகோதரிதான் வார்டில் நர்ஸ். எபியின் கையில் ஊசி போட நரம்பு தேடியது அவர்தான். எவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் யாருக்குப் பயந்தேனோ அவர் என் மகனின் தலையைத் தூக்கிப் பிடித்துக் கஞ்சி கொடுத்தார்.

உடல் தேற மூன்று வாரம் உள்ளே இருந்தான். பிறகு வீட்டிலிருந்து போய்வரும் சிகிச்சை. தோள் வலிக்குப் பழக்கமாகாத மருந்து, உடற்பயிற்சி. செவ்வாய்க்கிழமைகளில் குடும்பக் கூட்டம். வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். குடித்தவர், ஊசி போட்டவர், அவர்களுடைய மனைவி, தாய், தகப்பன் எல்லாரும் பேச வேண்டும். அவன் எனக்கு என்ன செய்தான் என்பதை எல்லாரும் சொல்வார்கள், நான் அவனுக்கு என்ன செய்தேன் என்பதைச் சொல்லுங்கள் என்றார் ஆலோசகர். முதல் செவ்வாய் என் முறை வந்தபோது, மனித சுபாவத்தைப் பற்றி ஒரு முன்னுரையோடு தொடங்கினேன். எபி தலையைச் சொறிந்தான்.

"பிரசங்கம் வேணாம்பா. மேட்டருக்கு வா."

வட்டம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு மேட்டருக்கு வந்தேன். சொல்லி முடித்தபோது பக்கத்தில் இருந்த, மாங்காட்டிலிருந்து வரும் ஓர் அம்மாள், கையில் அம்மன் கோயில் குங்குமம் வைத்திருந்தார், கொஞ்சம் எடுத்து நீட்டினார். பிறகு என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். அழுகிறவனுக்கு எதையாவது கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்த அம்மாளின் மகனுக்காகவும் இன்றுவரை பெயர் சொல்லி ஜெபிக்கிறேன்.

எல்லாம் நேராகப் போயிற்று என்று நினைக்க வேண்டாம். அக்டோபரில், நம் சபையின் அறுப்பின் பண்டிகை வாரத்தில், அவன் தவறினான். தோள் வலி தாங்காத ஒரு மத்தியானம் பழைய இடத்துக்குப் போய் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டான். யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவனே வீட்டுக்கு வந்து, காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த தாயின் முன் தரையில் உட்கார்ந்து சொன்னான். அன்றே கூட்டிப் போனோம். பத்து நாள் மறுபடி உள்ளே சேர்த்தார்கள். நான் இடிந்துபோய், எல்லாம் வீண், பத்திரம் போயிற்று, சிறைதான் என்றேன். ஆலோசகர் என் மருத்துவச் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"ஐயா, போன மாசம் உங்களுக்குச் சுகர் எகிறியிருக்கே. உங்க மேல யாராவது மனு எழுதினாங்களா?"

இந்த ஆண்டு மே மாதம் அறிக்கை நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். டாக்டர் தம் அறிக்கையை எழுதினார். கூடவே குடும்பத்தின் குறிப்பு ஒன்று தாருங்கள் என்று என்னிடம் கேட்டார்கள். மேசையில் உட்கார்ந்தேன். பேனா தானாக ஓடியது. மகன் போதையிலிருந்து பூரண விடுதலை அடைந்துவிட்டான், சேர்ந்த நாள் முதல் ஒருமுறையும் தவறவில்லை, தெருவுக்கே முன்மாதிரியாக விளங்குகிறான் என்று எழுதினேன். மனம் குளிர்ந்தது. எபியிடம் காட்டினேன். அவன் நின்றபடியே படித்தான். காகிதத்தை மேசையில் வைத்தான்.

"திரும்பியும் ஆரமிச்சிட்டியா?"

கோபமாகக் கேட்கவில்லை. அலுப்போடு கேட்டான். நான் அந்தத் தாளைக் கிழித்தேன். என் மனதுக்குள் ஒரு பயம் ஓடியது. தவறியதை எழுதினால் அந்த அம்மா என்ன சொல்வாரோ? மகனைச் சிறையில் போட என் பொய் போதுமாயிருந்தது. அவனை வெளியே வைக்க உண்மை போதுமா? கையை நெற்றியில் வைத்து, இதற்கும் நீர்தான் என்று மட்டும் சொன்னேன். பிறகு எழுதினேன். அக்டோபரில் ஒருமுறை தவறினான். அவனாகவே வந்து சொன்னான். பத்து நாள் உள்நோயாளியாக இருந்தான். அதன்பின் ஏழு மாதமாகத் தவறவில்லை. வலி இருக்கிறது. மேனாம்பேட்டில் ஒரு பட்டறையில் தோளுக்குப் பாரமில்லாத வேலை செய்கிறான். இவ்வளவே எங்களுக்குத் தெரியும். ஏழே வாக்கியம். என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் சிறிய மனு அதுதான்.

மாஜிஸ்திரேட் அம்மா அந்தக் குறிப்பைத் தாமே வாசித்தார். தவறியதை நீங்களே எழுதியிருக்கிறீர்களே என்றார். ஆமாம்மா என்றேன். அதுதான் எனக்கு உதவியாக இருக்கிறது என்றார். சிறைத் தண்டனை சொல்லவில்லை. இனிக் குற்றம் செய்வதில்லை என்று புதுப் பத்திரம் வாங்கிக்கொண்டு, எச்சரித்து, அவனை வீட்டுக்கு அனுப்பினார். வெளியே வந்ததும் நூர்ஜஹான் எபியிடம், செவ்வாய்க்கிழமை போறதை நிறுத்திடாதே என்றார். நான் நிறுத்தினாலும் இவர் நிறுத்த மாட்டார் என்று என்னைக் காட்டினான்.

நான் சொல்ல வந்தது இதுதான். என் முதல் ஜெபத்துக்குக் கர்த்தர் பதில் கொடுத்தார் என்று அன்று சொன்னது அவர்மேல் நான் போட்ட பழி. அந்தப் பதிலைக் கொடுத்தது என் பேனா. அவர் பதில் கொடுத்தது இரண்டாவது ஜெபத்துக்கு. நான் பொய்யன் என்று ஒரு நீதிபதியை நம்பவைத்தார். நீதிமன்றத்தின் வழியாக, இஸ்லாமியச் சகோதரி ஒருவரின் வழியாக, நாம் உலகத்து வழி என்று ஒதுக்கிய மருத்துவமனையின் வழியாக என் மகனைத் திருப்பித் தந்தார். அவர் எந்த வழியில் வர வேண்டும் என்று நாம் அவருக்கு உத்தரவு போட முடியாது.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், இருக்கிறார்கள், எனக்குத் தெரியும், முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களின் வீட்டிலேயே இருக்கிறார்கள், என்னைப் போல அடைத்துப் போடும் என்று ஜெபிக்காதீர்கள். பிள்ளையின் கையைப் பிடித்துச் சிகிச்சைக்குக் கூட்டிப் போங்கள். வழக்கு வந்துவிட்டால் வெட்கப்படாமல் சட்ட உதவியைத் தேடி, வைத்தியத்துக்கு அனுப்பும் வழி உண்டா என்று கேளுங்கள். நீதிமன்றம் போகும் நாளில் கூப்பிட்டால் நான் கூட வருவேன். மூப்பர் செல்வினும் வருவார். போன மாதம் அவர் என் வீட்டுக்கு வந்து, அன்று விட்டுப்போன காப்பியைக் கேட்டார். அவருடைய தங்கை மகனை இப்போது செவ்வாய்க்கிழமைகளில் அவரே கூட்டி வருகிறார். வட்டத்தில் என் பக்கத்து நாற்காலி அவருடையது.

இந்தச் சாட்சிக்குக் கை தட்ட வேண்டாம். ஜெபியுங்கள். என் மகன் பூரணமாக விடுதலையாகிவிட்டான் என்று நான் எழுதவில்லை. ஒரு படியும் கூட்டாமல், எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். இன்று காலை ஏழரை மணிக்கு எபிநேசர் சாப்பாட்டுப் பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு மேனாம்பேட்டுக்கு வேலைக்குப் போனான். போகும்போது, வரேம்பா என்றான். இம்மட்டும் தெரியும். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.